டால்ஸ்டாயும் பிரஜையின் பொறுப்பும்

பொதுவாழ்வில் இறங்கியவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாட்டில் அநீதி நடந்தால் நாம் சர்க்கார்மீது குற்றம் சாட்டுகிறோம். சர்க்கார் உத்தியோகஸ்தர் சட்டத்தைச் சுட்டிக் காட்டுகிறார். சட்டம் இயற்றியவர் ஜனங்களின் விருப்பத்தைக் காரணமாகக் கூறுகிறார். இவ்வாறு பழியானது ஊரைச் சுற்றி வந்து, ஒருவர் தலையிலும் இறங்காமல் மறைந்துவிடுகிறது. நாமும் இவ்வழக்கத்திற்கு விலக்கானவரல்லோம். இதன் வேரைத் தேடிக் கண்டு, வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் இதனை எதிர்த்து நின்ற ஒருவருடைய சரிதத்தை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் ரஷ்ய தேசத்துப் பிரபுவாகிய லியோ டால்ஸ்டாய்.

டால்ஸ்டாய் 1828-ம் வருஷத்தில், துலா மாகாணத்தில் யாஸ்னயா போலியானா என்னும் தம் குடும்பத்துப் பண்ணையில் பிறந்தார். ஒன்பது வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்தார். மூத்த சகோதரரான நிக்கோலாய் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லுவது வழக்கம். மனிதர் யாவரும் நோயும் சண்டையும் கோபமுமின்றிச் சகோதரராக வாழ்வதற்குரிய இரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதப்பட்டு, அருகிலுள்ள காட்டில் ஓர் ஓடைக்கரைச் சரிவில் புதைக்கப்பட்டிருக்கிறது என்பதே அக்கதை. விளையாட்டாகச் சொன்ன அக்கதையை அவர் கிழப்பருவத்திலும் மறக்கவில்லை.

இளமையில் அவரிடம் மகானுக்குரிய அடையாளம் ஒன்றும் காணப்படவில்லை. கஸான் சர்வகலாசாலையில் கீழ்நாட்டு மொழிகளையும் பின்னர் சட்டத்தையும் படிக்கத் தொடங்கி, 1847-ல் பட்டம் பெறாமலே வெளியேறினார். சூதாடிப் பொருளை இழந்தார். காக்கஸஸ் மலைநாட்டிலும், பின்னர் செவாஸ்டபோல் முற்றுகையிலும் சேனையில் பணியாற்றினார். 1857-ல் பாரிஸ் நகரில் ஒருவனைத் தலை வெட்டிக் கொல்வதை நேரில் கண்டு மனம் கலங்கினார். ஊர் திரும்பியபின் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1861-ல் ரஷ்யாவில் பண்ணை அடிமைகள் விடுதலை பெற்றபோது, நிலப்பிரபுக்களுக்கும் குடியானவர்களுக்கும் இடையே வழக்குத் தீர்க்கும் மத்தியஸ்தர் பதவியை ஏற்றார். அப்பதவியில் அவர் ஏழைகளின் பக்கம் சாய்வதாகப் பிரபுக்கள் குறை கூறினர். 1862-ல் சோபியா என்னும் பெண்ணை மணந்தார்.

1866-ல், உலகம் போற்றும் ‘போரும் அமைதியும்’ என்ற நாவலை அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவ்வூருக்கு அருகே முகாமிட்டிருந்த காலாட்படையில் ஒரு சம்பவம் நேர்ந்தது. ஷாபுனின் என்ற குமாஸ்தாச் சிப்பாய், தன்னை ஓயாது கடிந்துவந்த காப்டனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். மேலதிகாரிமீது கை வைத்தவனுக்கு மரணம் என்பது ராணுவச் சட்டம். இரண்டு அதிகாரிகள் டால்ஸ்டாயிடம் வந்து, அவனுக்காக வாதாட வேண்டுமென்று கேட்டுக்கொண்டனர். அவர் இணங்கினார்.

மூவர் அடங்கிய ராணுவ நீதிமன்றத்தில் டால்ஸ்டாய் வக்கீலைப் போலவே வாதாடினார். சித்தத் தெளிவில்லாதவனுக்குத் தண்டனையைக் குறைக்க இடந்தரும் விதிகளை எடுத்துக்காட்டினார். வாதம் பலிக்கவில்லை, மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர், அரண்மனையில் செல்வாக்குள்ள தம் உறவினர் ஒருவர் மூலமாகச் சக்கரவர்த்திக்குக் கருணை மனு அனுப்பினார். அச்சிப்பாய் எந்தப் படையைச் சேர்ந்தவன் என்பது அதில் குறிக்கப்படவில்லை என்று காரணங் கூறி, யுத்த மந்திரி அதைச் சக்கரவர்த்தியிடம் கொண்டு செல்லவில்லை. குறையைத் திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஷாபுனின் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் புதைக்கப்பட்ட இடத்திற்குக் குடியானவர்கள் வந்து பிரார்த்தனை செய்யத் தொடங்கவே, அதிகாரிகள் அம்மேட்டையும் சமப்படுத்திவிட்டனர்.

அவனைக் கொன்றவர் யார்? நீதிபதிகள் சட்டத்தின்படி தீர்ப்புக் கூறினார்கள். மந்திரி மனுவில் குறை கண்டார். சக்கரவர்த்தியின் பார்வைக்கு மனு வரவேயில்லை. துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தனர். ஒரு மனிதன் மாண்டான். நீதிஸ்தலங்களில் பழகிய எம்மைப் போன்றவர்க்கு இக்காட்சி புதிதன்று. பெரிய பாவத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பங்கிட்டுவிட்டால், தம் கூற்றைச் சுமப்பவர் எவருக்கும் பாரம் தெரிவதில்லை.

டால்ஸ்டாய் இதனை உடனே உணர்ந்துவிடவில்லை. நாவல் முற்றுப்பெற்றது, ‘அன்னா கரீனினா’வும் வெளிவந்தது, புகழும் செல்வமும் குவிந்தன. அந்த உச்சத்திலேதான் அவருடைய மனம் இருண்டது. தற்கொலை எண்ணத்திற்கு அஞ்சி, அறையிலிருந்த கயிற்றை மறைத்து வைக்கும் அளவுக்கு அவர் துன்புற்றார். தத்துவ நூல்களில் காணாத ஆறுதலை, உழைத்து உண்டு கலங்காமல் இறக்கும் குடியானவர்களிடத்தில் கண்டார். இயேசுநாதரின் மலைப்பிரசங்கத்தை மீண்டும் மீண்டும் படித்தார்.

மன அமைதி என்றால் உலகத்தின் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொள்வது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். டால்ஸ்டாய் கண்டது வேறு. அவருடைய உள்ளம் அமைதியற்றிருந்ததற்குக் காரணம், எல்லா மனிதரும் ஒன்று என்று அது அறிந்திருந்ததும், அவருடைய வாழ்க்கையோ அதற்கு மாறாக நடந்ததுமே. 1882-ல் மாஸ்கோ நகர ஜனக்கணக்கு எடுப்பில் தாமே சேர்ந்து, ஏழைகள் அடைந்து கிடந்த விடுதிகளுக்குள் நுழைந்தார். அவர்களுடைய வறுமையில் தம் செல்வத்திற்கும் பங்குண்டு என்பதை அங்கே அறிந்தார். 1883-ல் ஜூரியாக அமரும்படி நியாயஸ்தலம் அழைத்தபோது, பிற மனிதனைத் தண்டிக்கும் காரியத்தில் சேர மாட்டேன் என்று மறுத்து அபராதம் கொடுத்தார். ஷாபுனின் வழக்கில் சட்டத்தின் துணையை நாடியவர், பதினேழு வருஷங்களுக்குப் பின் இவ்வாறு மாறியிருந்தார்.

அவர் மறுப்பதோடு நின்றவரல்லர். 1891-ல் ரஷ்யாவில் கொடும் பஞ்சம் தோன்றியபோது, அறுபது வயது கடந்த அவர் ரியாஸான் மாகாணத்துக் கிராமங்களுக்குச் சென்று, நூற்றுக்கு மேற்பட்ட அன்னசாலைகளை ஏற்படுத்தினார். ஆயுதம் ஏந்த மறுத்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட தூகபோர்கள் என்னும் சமயக் கூட்டத்தார் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் கனடாவில் குடியேறுவதற்குத் தமது ‘புத்துயிர்’ நாவலின் ஊதியத்தைக் கொடுத்தார். 1901-ல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. 1893-ல் அவர் முடித்த ‘கடவுளின் ராஜ்யம் உனக்குள் இருக்கிறது’ என்ற நூலுக்கு ரஷ்யாவில் தடை விதிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் இளம் வக்கீலாயிருந்த காந்தியடிகளின் உள்ளத்தை ஆட்கொண்ட நூல் அதுவே.

1908-ம் வருஷம் அவருடைய எண்பதாம் ஆண்டு. கெர்சான் பகுதியில் குடியானவர்களைத் தூக்கிலிட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்துப் பொறுக்கமாட்டாமல் ஒரு கட்டுரை எழுதினார். அக்கொலைகள் தம்மைப் போன்ற செல்வரின் பாதுகாப்புக்காகவே நடப்பதாகக் கூறப்படுவதால் அவற்றில் தமக்கும் பங்குண்டு என்றும், இயலாவிடில் தம்மையும் அவ்வாறே தூக்கிலிடட்டும் என்றும் அதில் தெரிவித்தார். அதன் பகுதிகளை வெளியிட்ட ரஷ்யப் பத்திரிகைகளுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில், தம் சரிதத்தை எழுதிவந்த நண்பருக்கு ஷாபுனின் வழக்கைப் பற்றி விவரமாக எழுதினார். தாம் செய்த வாதத்திற்காக வெட்கப்படுவதாகவும், மனிதன் மனிதனைக் கொல்ல உரிமையில்லை என்று சொல்லாமல் சட்ட விதிகளைத் தேடியது பிழையென்றும் ஒப்புக்கொண்டார். நாற்பத்திரண்டு வருஷங்களாக அந்தச் சிப்பாய் அவருடைய நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அவ்வாண்டின் இறுதியில், வட அமெரிக்காவிலிருந்து ‘பிரீ ஹிந்துஸ்தான்’ பத்திரிகையை நடத்திய தாரகநாத தாஸுக்கு அவர் அனுப்பிய பதில்தான் ‘ஒரு ஹிந்துவுக்குக் கடிதம்’ எனப் பெயர் பெற்றது. ஒரு வியாபாரக் கம்பெனி இருபது கோடி மக்களை எவ்வாறு அடிமைப்படுத்த முடிந்தது என்று கேட்டு, இந்தியர் தாமே அடிமைத்தனத்தில் பங்குகொண்டதால்தான் என்று விடை கூறினார். பலாத்காரத்தை விட்டு ஒத்துழைக்க மறுப்பதே வழி என்றார். நம் திருக்குறளின் சில பாக்களை அக்கடிதத்தில் அவர் எடுத்தாண்டிருப்பது தமிழர் நினைவிற்கொள்ள வேண்டியது. 1909-ல் லண்டனிலிருந்து திரும்பும் கப்பலில் காந்தியடிகள் அதனைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக ஏற்பட்ட பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரே சூட்டப்பட்டது. அங்கு வாழ்ந்தவருள் தமிழர் பலர்.

இவ்வளவும் கூறியபின், அவருடைய குறையை மறைப்பது நேர்மையாகாது. சொத்து பாவம் என்று கண்ட அவர், 1892-ல் அதை மனைவி மக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதே மாளிகையில் வேலைக்காரர் பரிமாற உண்டு வாழ்ந்தார். பதின்மூன்று குழந்தைகளைப் பெற்று, அவருடைய பெருநூல்களைத் தம் கையால் திரும்பத் திரும்பப் பிரதி செய்த சோபியா அம்மையார்மீது பண்ணையின் பாரமும் உலகத்தின் பழியும் சேர்ந்தே விழுந்தன. பிறர் தலையில் பொறுப்பைச் சுமத்தாதே என்று உலகுக்குப் போதித்தவர், தம் வீட்டில் அதைத்தான் செய்தார். இதைப் பகைவர் சொல்லித்தான் அவர் அறிந்தார் என்பதில்லை; நாட்குறிப்புகளில் தம்மைத் தாமே ஓயாது குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். 1910-ம் வருஷத்துக் குளிர்காலத் தொடக்கத்தில் ஓர் இரவு, தம் வைத்தியருடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியில் நோயுற்று, அஸ்டபோவோ என்ற சிறு ரயில் நிலையத்தின் அதிகாரி வீட்டில், தமது எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். ஓடிவந்த மனைவியாரை அவர் நினைவிழந்தபின்னரே உள்ளே அனுமதித்தனர்.

இந்தக் குறையால் அவருடைய போதனை பொய்யாகிவிட்டதா? இல்லை என்பதே நம் துணிபு. ஏகாதிபத்தியத்தைத் தைரியமாக எதிர்த்த ஒரு மனிதருக்குத் தம் வீட்டுப் பொறுப்பு அதனினும் கடினமாயிருந்தது என்பதையே அது காட்டுகிறது. மேடையில் மனித சகோதரத்துவம் பேசிவிட்டு, வீட்டு வாயிலில் ஜாதி பார்ப்பவர்களும், கட்சியின் பெயரால் நடந்த தவறைக் கட்சியின்மீதே போட்டுவிட்டு உறங்குகிறவர்களும் இதனை யோசிக்க வேண்டும். அவருக்கு அந்த உறக்கம் வாய்க்கவில்லை.

1947-ல் அந்நிய ஆட்சி அகன்றது. அன்று முதல் இந்நாட்டில் நடக்கும் ஒவ்வொரு தண்டனையும், ஒவ்வொரு துப்பாக்கிப் பிரயோகமும் நம் பெயரால் நடக்கிறது. அந்நியன்மீது பழி போடும் வசதி போய்விட்டது. சர்க்கார் செய்தது என்று சொல்லுமுன், அந்தச் சர்க்காரில் என் பங்கு என்ன என்று ஒவ்வொரு தேசத்தொண்டரும் தம்மைக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்.

டால்ஸ்டாயின் விருப்பப்படி, பச்சைக் குச்சி புதைந்திருப்பதாகச் சகோதரர் சொன்ன அந்த இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அங்கே சிலுவை இல்லை, கல் இல்லை, பெயரும் இல்லை. புல் மூடிய ஒரு சிறு மேடு மட்டும் மரங்களின் நடுவே இருக்கிறது.