மூக்கை அளந்த துரை!

சேர்வராயன் மலைக்கு ஒரு துரை வந்தார். அவர் கையில் அளவுகோலும் இடுக்கி போன்ற ஒரு கருவியும் இருந்தன. மலைவாசிகளின் தலையையும் மூக்கையும் அவர் அளக்கத் தொடங்கினார்.

மலைவாசிகள் பயந்து போனார்கள். அவர்களுடைய நிலத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது, அவர்களை அந்தமானுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது.

அந்தத் துரையின் பெயர் எட்கர் தர்ஸ்டன்.

டாக்டர் படிப்பு

தர்ஸ்டன் 1855-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தார். 1885-ல் சென்னை மியூசியத்தின் தலைவராக வந்து சேர்ந்தார்.

முதலில் கடலை ஆராய்ந்தார். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு பற்றி எழுதினார். பிறகு அவர் கவனம் மனிதர்கள் பக்கம் திரும்பியது.

மனிதர்களைப் பல இனங்களாகப் பிரிக்கலாம், அதை எலும்பே காட்டிக் கொடுக்கும் என்று அக்காலத்து அறிஞர்கள் பலர் நம்பினார்கள். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். அகலம் 36 மில்லிமீட்டர், நீளம் 46 மில்லிமீட்டர் என்றால் விடை 78. அந்த எண்ணை வைத்து இவர் இன்ன இனம் என்று எழுதிவிடுவார்கள்!

வங்காளத்தில் ரிஸ்லி என்ற அதிகாரி இதைச் செய்தார். தெற்கே தர்ஸ்டன் செய்தார். போலீஸ் அதிகாரிகளுக்கும் இந்த அளவு வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்.

ஓடிய பெண்கள்

ஊர் ஊராகப் போனார் தர்ஸ்டன். வயநாட்டில் பணியர் இனப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்கள். தங்களைப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து, அளக்கவே விடவில்லை.

சேர்வராயன் மலையில் ஏற்பட்ட பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முன்பே அந்த மலையில் காப்பித் தோட்டங்கள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர் அளந்தால் நிலம் கைமாறும் என்பதை மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

காஞ்சியில் இருந்து

செம்மநத்தம் போன்ற ஊர்கள் உள்ள இந்த மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆளுகிறவர் என்பதே பொருள் என்பார்கள். பேசுவது தமிழ்.

இவர்களிடம் ஒரு வரலாறு வாய்வழியாக வந்திருக்கிறது. முன்னோர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்கள். அண்ணன் தம்பி மூவர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்தார். மற்ற இருவரும் வேறு மலைகளுக்குப் போனார்கள்.

மூக்கை அளந்த அதே தர்ஸ்டன், இந்தக் கதையையும் தம் புத்தகத்தில் சேர்த்தார். கல்யாணச் சடங்கு, குலதெய்வம், கட்டுப்பாடு எல்லாம் அதில் உண்டு. மியூசியத்தில் வேலை பார்த்த கே. ரங்காச்சாரி அவருக்குப் பெரும் துணை. 1909-ல் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. இவை பிற்காலத்தில் தமிழிலும் வந்தன.

பொய்த்த கணக்கு

1912-ல் அமெரிக்காவில் பிரான்ஸ் போவாஸ் என்ற அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டார். அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம், பெற்றோரின் வடிவத்திலிருந்து மாறியிருந்தது. ஒரே தலைமுறையில் மாறும் அளவை வைத்து இனத்தை எப்படி முடிவு செய்வது?

இனம் என்ற பிரிவுக்கு உயிரியலில் உறுதியான எல்லை கிடையாது என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. மூக்கு எண்ணால் பிரித்த இனங்கள் காகிதத்தில் மட்டுமே வாழ்ந்தன. ஆனால் அந்தக் காகிதம் சும்மா இருக்கவில்லை. இன்னார் உயர்ந்தவர், இன்னார் தாழ்ந்தவர் என்று சொல்ல அது பயன்பட்டது.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய தர்ஸ்டன், 1935-ல் பென்சான்ஸ் என்ற ஊரில் காலமானார்.

அவர் இடுக்கி வைத்து எடுத்த எண்களை இன்று யாரும் நம்புவதில்லை. காது கொடுத்துக் கேட்டு எழுதிய பக்கங்களை மட்டும் இன்றும் புரட்டுகிறார்கள். மலைமக்களோ எங்கும் அனுப்பப்படவில்லை. சேர்வராயன் கோவிலுக்கு ஆண்டுதோறும் திருவிழா எடுத்துக்கொண்டு, அதே மலையில் வாழ்கிறார்கள்.