துப்பறியும் கதையின் தந்தை... அவர் மரணமே துப்பு துலங்காத வழக்கு! யார் இந்த எட்கர் ஆலன் போ?

1849ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அன்று தேர்தல் நாள். வாக்குச்சாவடியாக மாற்றப்பட்டிருந்த ஒரு மதுவிடுதிக்கு அருகே, சுயநினைவு தடுமாறிய நிலையில் ஒருவர் கிடந்தார். அழுக்கான, அளவு பொருந்தாத உடை. அது அவருடைய உடையே இல்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 7ஆம் தேதி, தனக்கு என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லாமலேயே அவர் இறந்துபோனார். வயது 40.

இறந்தவர் எட்கர் ஆலன் போ. உலகின் முதல் நவீன துப்பறியும் கதையை எழுதியவர் என்று கொண்டாடப்படுபவர். ஆனா, அவர் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு இன்று வரை உறுதியான பதில் இல்லை.

யார் இவர்? இவர் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது? இறந்த பிறகு இவருக்கு நடந்த அநியாயம் என்ன? பார்க்கலாம்.

பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்ட 'ஆலன்'

1809 ஜனவரி 19ஆம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தவர் போ. அப்பா, அம்மா இருவருமே நாடக நடிகர்கள். அப்பா சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 1811 டிசம்பரில் அம்மா எலிசபெத்தும் இறந்துவிட, மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையை ரிச்மண்ட் நகரின் வணிகர் ஜான் ஆலன் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வளர்த்தார், படிக்க வைத்தார், ஆனால் சட்டப்படி தத்தெடுக்கவே இல்லை.

1826ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் போ. வீட்டிலிருந்து வந்த பணம் போதவில்லை. சூதாட்டத்தில் இறங்க, கடன்தான் மலை போல ஏறியது. ஒரு வருடம் முடிவதற்குள் படிப்பு நின்றது. வளர்ப்புத் தந்தையோடு சண்டை முற்றி வீட்டை விட்டு வெளியேறியவர், 1827ல் எட்கர் பெர்ரி என்ற பொய்ப் பெயரில் ராணுவத்தில் சேர்ந்தார். 18 வயதுப் பையன், 22 என்று வயதையும் கூட்டிச் சொல்லியிருந்தார்.

அதே ஆண்டு அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வெளியானது. அதில் அவர் பெயர்கூட இல்லை, ஒரு பாஸ்டன்காரர் எழுதியது என்று மட்டும்தான் இருந்தது. பிறகு வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்து, 1831ல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1834ல் ஜான் ஆலன் இறந்தபோது உயிலில் போவுக்கு ஒரு காசுகூட இல்லை. இனி எழுதினால்தான் சோறு என்ற நிலை.

துப்பறிவாளர் பிறந்த கதை

1841 ஏப்ரல். பிலடெல்ஃபியாவில் தான் ஆசிரியராக இருந்த 'கிரஹாம்ஸ் மேகசின்' இதழில் 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்' என்ற சிறுகதையை வெளியிட்டார் போ. பாரிஸில் ஒரு தாயும் மகளும் கொடூரமாகக் கொல்லப்படுகிறார்கள். கதவு உள்பக்கமாகப் பூட்டியிருக்கிறது. போலீஸ் திணறுகிறது. கிடைத்த தடயங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் வைத்தே யோசித்து யோசித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார் ஒகஸ்ட் டுபான்.

அதிபுத்திசாலியான துப்பறிவாளர், அவரை வியந்து பார்த்துக் கதை சொல்லும் நண்பர், கோட்டைவிடும் போலீஸ். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஆமாம், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் அதே அமைப்புதான். ஆர்தர் கானன் டாயில் ஹோம்ஸை உருவாக்குவதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் முன்பே வந்துவிட்டார் டுபான். போவுக்குத் தான் பட்ட கடனை டாயிலே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பேயா, குற்ற உணர்ச்சியா?

போ இன்னொரு வகைக் கதையையும் எழுதினார். அதில் துப்பறிவாளர் கிடையாது. கொலைகாரனே கதை சொல்வான்.

1843 ஜனவரியில் வந்த 'தி டெல் டேல் ஹார்ட்' அப்படிப்பட்டது. ஒருவன் முதியவர் ஒருவரைக் கொன்று, தரைப்பலகைக்கு அடியில் உடலை மறைக்கிறான். விசாரிக்க வந்த போலீஸாரை அதே அறையில் உட்கார வைத்து, பிணம் இருக்கும் இடத்துக்கு மேலேயே நாற்காலி போட்டுப் பேசுகிறான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்போது அவன் காதில் மட்டும் ஒரு சத்தம். கீழே இதயம் துடிக்கிறது. சத்தம் ஏறிக்கொண்டே போக, தாங்க முடியாமல் தானே குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'தி பிளாக் கேட்' கதையில், மனைவியைக் கொன்று சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறான் ஒருவன். போலீஸ் தேடிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் சுவருக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்கிறது. அவனை அறியாமல் அவனது பூனையும் உள்ளே மாட்டியிருக்கிறது. அந்தப் பூனையின் நெஞ்சில் இருந்த வெள்ளைத் திட்டு மெல்ல மெல்லத் தூக்குமர வடிவமாக மாறியதாகவும் அவன் சொல்கிறான்.

கேட்டது செத்தவரின் இதயமா, கொன்றவனின் மனசாட்சியா? வந்தது பேய்ப்பூனையா, வெறும் பூனையா? போ பதில் சொல்வதே இல்லை. கதை சொல்பவனின் மனம் சரியில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அவன் சொல்வதைப் பொய் என்று முழுசாகத் தள்ளவும் முடியாது. அந்த இடைவெளியில்தான் பயம் இருக்கிறது. இன்றைய சைக்கோ திரில்லர்கள் பலவும் செய்வது இதைத்தான்.

வீட்டுக்குள் இருந்த மரணம்

இந்தக் கதைகளை எழுதிய காலத்தில் போவின் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?

1836ல் தன் அத்தை மகள் வர்ஜீனியாவைத் திருமணம் செய்திருந்தார் போ. அப்போது அவருக்கு 27 வயது, வர்ஜீனியாவுக்கு வெறும் 13. 1842 ஜனவரியில் ஒருநாள் பாடிக்கொண்டிருந்தபோது வர்ஜீனியாவின் வாயிலிருந்து ரத்தம் வந்தது. காசநோய். தேறுவதும் மீண்டும் படுப்பதுமாக ஐந்து ஆண்டுகள் போயின.

1845 ஜனவரியில் வெளியான 'தி ரேவன்' கவிதை போவை ஒரே இரவில் பிரபலமாக்கியது. பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. வேறு பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டாலும் எழுதியவருக்கு எதுவும் தரும் கட்டாயம் அன்று இல்லை. 1847 ஜனவரி 30ஆம் தேதி, நியூயார்க்கை அடுத்த ஃபோர்டாமில் ஒரு சிறிய வீட்டில் வர்ஜீனியா இறந்தார். அவருக்கு வயது 24. போவின் குடிப்பழக்கமும் உடல்நலக்குறைவும் மோசமானது. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் பால்டிமோர் சம்பவம்.

போ எப்படி இறந்தார்?

செப்டம்பர் 27ஆம் தேதி ரிச்மண்டில் இருந்து கிளம்பிய போ, அக்டோபர் 3ஆம் தேதி வரை எங்கே இருந்தார் என்பதற்குச் சரியான தகவல் இல்லை. குடி, வெறிநாய்க்கடி நோய், மூளைக் கட்டி என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டுள்ளன.

அதிகம் பேசப்படுவது கள்ள ஓட்டு விவகாரம். அந்தக் காலத்தில் அரசியல் அடியாட்கள் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்து, மது கொடுத்து, உடை மாற்றி மாற்றிப் பல சாவடிகளில் ஓட்டுப் போட வைப்பார்கள். தேர்தல் நாள், வாக்குச்சாவடி, பொருந்தாத உடை எல்லாம் இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஆதாரம் கிடையாது. மருத்துவமனைப் பதிவுகளும் கிடைக்கவில்லை.

இரண்டாவது மரணம்

போ இறந்த இரண்டாம் நாளே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றி இரங்கல் கட்டுரை வந்தது. இரங்கல் என்று பெயர்தான். அவரை நண்பர்களே இல்லாத, மனம் பிறழ்ந்த மனிதராகக் காட்டியது. லுட்விக் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். போ விமர்சித்த ஒரு தொகுப்பாசிரியர், பழைய பகை உள்ளவர்.

கொடுமை என்னன்னா, போவின் படைப்புகளைத் தொகுத்து வெளியிடும் பொறுப்பும் அவர் கைக்கே போனது. அதோடு சேர்த்து ஒரு வாழ்க்கை வரலாறும் எழுதினார். போவின் கடிதங்களிலேயே தன் வசதிக்கு வரிகளை மாற்றினார். போ குடித்தார், கடன் வாங்கினார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கிரிஸ்வோல்ட் வரைந்த கொடியவன் அவர் அல்ல. நண்பர்கள் மறுத்து எழுதியும் எடுபடவில்லை. 1941ல் ஆர்தர் ஹாப்சன் க்வின் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டு, எங்கெங்கே மாற்றப்பட்டது என்று வரிசையாகக் காட்டியது. உண்மை முழுசாக வெளிவர 90 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

போ விட்டுச் சென்றது

போவை ஃபிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் கவிஞர் போதலேர். ஜப்பானியத் துப்பறியும் எழுத்தாளர் ஹிராய் தாரோ, போவின் பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் எடோகாவா ரம்போ என்று புனைபெயராக வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் சிறந்த மர்மக் கதைகளுக்குத் தரப்படும் விருதின் பெயர் எட்கர்.

பால்டிமோரில் போவின் நினைவிடத்துக்குப் பல ஆண்டுகள் ஜனவரி 19ஆம் தேதி விடியும் முன் ஒருவர் வந்து மூன்று ரோஜாக்களும் ஒரு பாட்டில் கோன்யாக்கும் வைத்துவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. 2010ல் அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அவர் யார் என்பதும் உறுதியாகத் தெரியாது. போவின் கதைகளைப் போலவே, அவருக்கு மலர் வைத்தவரும் பதில் சொல்லாமலேயே போய்விட்டார்.