காவற் சம்மனசு தந்த பொறியியலாளர்

சுதந்திர தின விழா காலி முகத்திடலில் நடைபெறும் ஆண்டுகளில், வான்குடை வீரர்கள் தேசியக் கொடியுடன் வானத்திலிருந்து இறங்கும் காட்சியைக் காண வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மக்கள் திரண்டு செல்வர். மேலே விரியும் வண்ணக் குடையைக் கண்டு சிறுவர் கைகொட்டுவர். அந்தக் குடைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையோ, அது ஒருகாலத்தில் உயிர் காக்கும் கருவியாக ஏற்கப்படாமல் வாசலிலே காத்துக் கிடந்தது என்பதையோ நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் என் நெஞ்சைக் கவரும் மனிதர் ஒருவர் உளர். அவரே எவராட் கல்திரொப். புகையிரத வரலாறு கற்போர்க்கு அவர் பெயர் நன்கு அறிமுகமானது. வான்குடை வரலாற்றில் அவருக்குரிய இடத்தையே நான் இங்கு எடுத்துக் கூற விழைகின்றேன்.

கல்திரொப் 1857 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3 ஆம் நாள் இங்கிலாந்திலே கமக்காரர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். இளமையிலே புகையிரத இயந்திரத் தொழிலைப் பயின்றார். 1882 இல் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய இந்திய தீபகற்பப் புகையிரதக் கம்பனியிலே சேவையிற் சேர்ந்தார். அந்நாளில் பெரும் பாதைகள் நகரங்களை இணைத்தனவேயன்றிச் சிற்றூர்களைத் தொடவில்லை. பருத்தியும் தானியமும் மாட்டு வண்டிகளிலே நெடுந்தூரம் சென்றன. சிற்றூர்களுக்கும் புகையிரதம் வேண்டுமெனின் செலவு குறைந்த பாதை ஒன்றை அமைத்தல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார்.

அந்த எண்ணத்தின் பயனே மராட்டிய நாட்டிலே 1897 இல் திறக்கப்பட்ட பார்சி இலகு புகையிரதப் பாதை. இரண்டு அடி ஆறு அங்குல அகலங்கொண்ட அந்தப் பாதை, பின்னர் 1906 இல் பண்டரிபுரம் வரை நீண்டு, விட்டலனை வழிபடச் செல்லும் யாத்திரிகரை ஏற்றிச் சென்றது. கொழும்பு மக்களுக்கு இந்த அகலம் புதியதன்று. கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் சென்ற களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் இதே இரண்டு அடி ஆறு அங்குல அகலமுடையதாய் இருந்தது. 1990 களிலேதான் அது அகலப் பாதையாக மாற்றப்பட்டது. அந்தச் சிறிய வண்டியிலே பயணஞ் செய்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர்.

பார்சிப் பாதையிலே கல்திரொப் கையாண்ட உத்தி ஒன்றை இங்கே குறிப்பிடுதல் அவசியம். இயந்திரமாயினும் பெட்டியாயினும், ஒவ்வோர் அச்சும் ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கலாகாது என்று அவர் விதித்தார். பாரம் ஓரிடத்திலே குவியாமல் எல்லா அச்சுகளிலும் சமமாகப் பகிரப்பட்டமையால், மெல்லிய தண்டவாளமும் பெருஞ்சுமையைத் தாங்கிற்று. ஒரே இடத்தில் விழும் அதிர்ச்சி முறிக்கும். பகிர்ந்து விழும் பாரம் முறிக்காது. இந்த உண்மையைத் தண்டவாளத்திலே கண்டவர், பிற்காலத்தில் அதனையே பட்டுத் துணியிலும் கயிற்றிலும் கண்டார் என்பது என் கருத்து.

வான்குடை அக்காலத்தில் எந்நிலையில் இருந்தது? பாரிசு நகரிலே 1797 ஆம் ஆண்டு கார்னரின் என்பார் பலூனிலிருந்து வான்குடை மூலம் இறங்கிய நாள் தொட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே விளங்கிற்று. கல்கத்தாவிலே 1889 இல் பேர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் பலூனிலிருந்து குதித்துக் காட்டினார். அவரிடம் பயின்ற இராமச்சந்திர சட்டர்ஜி என்ற வங்காள உடற்பயிற்சி வீரர் 1890 இல் அதே நகரிலே குதித்து, வான்குடையில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். மக்கள் பணங் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிக் கண்டு களித்தனர். உயிரைப் பணயம் வைத்து ஆடும் விளையாட்டாகவே உலகம் அதனைக் கருதியது. உயிரைக் காக்கும் கருவியாகக் கருதவில்லை.

அந்தக் கருத்தை மாற்ற முனைந்தவர்களுள் கல்திரொப் முதன்மையானவர். அவரைத் தூண்டியது ஒரு நண்பரின் மரணம். றோல்ஸ் றொய்ஸ் மோட்டார் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான சார்ள்ஸ் றோல்ஸ், 1910 ஜூன் மாதத்திலே ஆங்கிலக் கால்வாயை இடைநில்லாது பறந்து கடந்து திரும்பிய பெருமையுடையவர். அடுத்த மாதம் 12 ஆம் நாள், போர்ண்மத் நகரில் நடந்த விமானக் காட்சியிலே அவருடைய விமானத்தின் வாற்பகுதி முறிந்தது. விமானம் வீழ்ந்தது, றோல்ஸ் மாண்டார். அவர் வீழ்ந்த உயரம் மிகக் குறைவு. அன்றிருந்த எந்த வான்குடையும் அவரைக் காத்திராது. எனினும் அந்த மரணம் ஐம்பத்து மூன்று வயதுப் பொறியியலாளர் ஒருவரின் எஞ்சிய வாழ்வைத் திசைதிருப்பிவிட்டது. விமானமோட்டி ஒவ்வொருவனுக்கும் தப்பும் வழி ஒன்று இருத்தல் வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

பல ஆண்டு உழைப்பின் பின் உருவான கருவிக்கு அவர் இட்ட பெயர் அழகானது. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ வாழும் கத்தோலிக்க மக்கள், ஒவ்வொருவரையும் காக்க இறைவன் அமர்த்திய தூதரைக் காவற் சம்மனசு என்பர். அந்தப் பெயரையே அவர் தமது வான்குடைக்குச் சூட்டினார்.

அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுவேன். மடித்த பட்டுக்குடை விமானத்தோடு பிணைத்த ஓர் உறையினுள் இருக்கும். குதிப்பவன் உடலிற் கட்டிய வாரிலிருந்து கயிறு அந்த உறைக்குச் செல்லும். அவன் குதித்ததும் அவனுடைய பாரமே கயிறுகளை இழுக்கும். பின்னர் பட்டை வெளியே இழுக்கும். பட்டு விரிந்து காற்றை வாங்க, பாரம் பல கயிறுகளிலும் பகிரப்படும். குதிப்பவன் தன் கையால் எதனையும் இழுக்க வேண்டியதில்லை. அச்சத்தால் கை நடுங்கினாலும், காயத்தால் மயங்கினாலும் குடை தானே விரியும். மனிதனுடைய பதற்றத்தை முன்னறிந்து அதற்கு ஏற்பாடு செய்து வைத்தமையே இந்தக் கருவியின் சிறப்பு.

இதிலே குறையும் இருந்தது. உறை பாரமுடையது, சிறிய போர் விமானத்திலே அதனைப் பொருத்துதல் எளிதன்று. விமானம் சுழன்று வீழும்போது கயிறோ பட்டோ வாற்பகுதியிலே சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இவற்றை மறைத்துக் கல்திரொப்பைப் புகழ்வது நேர்மையாகாது.

தமது கருவி தாழ்ந்த உயரத்திலும் விரியும் என்று உலகுக்குக் காட்ட அவர் விரும்பினார். 1917 இல், ஓட்-லீஸ் என்ற படையதிகாரி இலண்டன் தேம்சு நதியின் மேலுள்ள கோபுரப் பாலத்திலிருந்து காவற் சம்மனசை அணிந்து குதித்தார். ஏறத்தாழ 150 அடி உயரமே இருந்தும் குடை விரிந்தது. அவர் உயிருடன் நதியில் இறங்கினார். இந்த ஓட்-லீஸ் யார் எனின், ஷாக்கிள்டனின் தென்துருவப் பயணத்திலே கப்பல் பனியில் நசுங்கிப் போக, யானைத் தீவிலே மாதக்கணக்கிற் காத்திருந்து மீண்ட குழுவினருள் ஒருவர். ஆபத்தின் எல்லையைக் கண்டு வந்தவர் பாதுகாப்புக் கருவிக்காக வாதாடினார் என்பது சிந்திக்கத் தக்கது.

ஆயினும் அதிகாரிகளின் மனம் இளகவில்லை. பாரம், இடநெருக்கடி, முழு நம்பிக்கை ஏற்படாமை என்ற காரணங்கள் கூறப்பட்டன. அவற்றில் உண்மையும் இருந்தது. ஆனால் அவற்றோடு வேறொரு கருத்தும் அந்நாளில் உலவியது. தப்பும் வழி கையில் இருந்தால் விமானமோட்டி போரிடாமல் விமானத்தைக் கைவிட்டுக் குதித்துவிடுவான் என்பதே அது. தீப்பற்றிய விமானத்திலே எரிந்து மடிந்த இளைஞர்களை நினைக்கும்போது, இந்தக் கருத்து என்னைப் பெரிதும் வருத்துகின்றது. குறை உள்ள கருவியைத் திருத்தலாம். மனிதன்மீது நம்பிக்கையற்ற மனத்தைத் திருத்துவது எவ்வாறு?

முரண்பாடு எவ்வளவு பெரிதென்பதையும் நோக்குக. தரையோடு கட்டிய பலூன்களிலிருந்து எதிரியைக் கண்காணித்தவர்களுக்குப் பிரித்தானியர் வான்குடை கொடுத்திருந்தனர். எதிரியின் எல்லைக்கப்பால் ஒற்றர்களை இறக்குவதற்குக் கல்திரொப்பின் வான்குடை பயன்பட்டது. 1918 ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் தந்தூரா என்ற இத்தாலிய வீரர், பிரித்தானியர் செலுத்திய விமானத்திலிருந்து வான்குடை மூலம் பகைவர் நிலத்தில் இறக்கப்பட்டார். விமானத்திலிருந்து அவரை விடுவித்தவர் வெச்வுட் பென். 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான இராசாங்க மந்திரியாக இருந்தவர் அவரே. ஒற்றனை அனுப்பப் பயன்பட்ட குடை, அனுப்பியவனைக் காக்கப் பயன்படவில்லை.

ஜேர்மனியரோ 1918 இல் தம் விமானமோட்டிகளுக்கு வான்குடைகளை வழங்கினர். புகழ்பெற்ற ஊடெற் அவ்வாண்டு ஜூன் மாதம் வீழ்ந்த விமானத்திலிருந்து குதித்துப் பிழைத்தார். பிழைத்தவர் மீண்டும் பறந்து போரிட்டார். குடை கோழையாக்கும் என்ற வாதத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுமா? போர் முடியுந் தறுவாயிலே பிரித்தானிய அதிகாரிகளும் மனம் மாறினர். ஆனால் 1918 நவம்பர் 11 ஆம் நாள் போர் ஓய்ந்தது. காலங் கடந்து வந்த ஞானம் மாண்டவரை மீட்கவில்லை.

அடுத்த ஆண்டே புதிய முறை பிறந்தது. 1919 ஏப்ரல் 28 ஆம் நாள், அமெரிக்காவிலே லெஸ்லி இர்வின் என்பார் குடையை முதுகில் அணிந்து, விமானத்தோடு எத்தொடர்பும் இன்றிக் குதித்துத் தம் கையால் கயிற்றை இழுத்து விரித்தார். இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. ஆனால் முறை வென்றது. பிரித்தானிய விமானப்படையும் பின்னர் இர்வினின் குடையையே ஏற்றது. கல்திரொப்பின் கருவி பின்தங்கியது. அவர் 1920 இல் குதிரைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அராபியக் குதிரைகளை அடித்துப் பழக்காமல் அன்பினாற் பழக்கியவர் அவர். 1927 மார்ச் 30 ஆம் நாள், எழுபது வயதிலே மறைந்தார்.

அவர் தோற்றுவிட்டாரா என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். இல்லை என்பேன். இன்று படைவீரர் பெருந்தொகையினராய்க் குதிக்கும்போது, விமானத்தோடு பிணைத்த கயிறே அவர்களுடைய குடைகளை விரிக்கின்றது. பொழுதுபோக்குக்காகக் குதிப்போர் இரண்டாவது குடை ஒன்றையும், குறித்த உயரத்திலே தானாக அதனை விரிக்கும் சிறு கருவியையும் அணிகின்றனர். மனிதன் தவறுவான், அத்தவறுக்கும் இடம் விட்டுக் கருவியை அமைக்க வேண்டும் என்ற கல்திரொப்பின் கொள்கையே இவற்றில் வாழ்கின்றது.

இக்காலத்தில் ஒரு புதிய ஆபத்தும் சேர்ந்துள்ளது. குதிப்போர் தலைக்கவசத்திலே கமராவைப் பொருத்திப் படமெடுக்கின்றனர். வெளியே நீண்டு நிற்கும் கமராவிலே குடைக் கயிறு சிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, படத்திலே மனம் சென்று குடையை மறத்தல். 1988 ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் வட கரோலினாவிலே, எண்ணூறு முறைக்கு மேல் குதித்துப் பழகிய ஒருவர், பிறரைப் படமெடுக்கும் கருவிகளை அணிந்துகொண்டு வான்குடையை அணியாமலே குதித்து மாண்டார். இருநூறு முறையாவது குதித்துப் பழகாதவர் கமரா கொண்டு செல்லலாகாது என்று அமெரிக்க வான்குடைச் சங்கம் அறிவுறுத்துகின்றது. கமராவைத் தாங்கும் தலைக்கவசம் ஒரே இழுப்பில் கழன்று விழத்தக்கதாய் இருத்தல் வேண்டும். குதிக்குமுன் ஒருவருடைய கட்டுகளை மற்றொருவர் சோதித்தல் வேண்டும். காலி முகத்திடல் ஒத்திகையிலே 2024 ஜனவரி இறுதியில் இரு குடைகள் வானத்திற் சிக்கி வீரர் நால்வர் காயமுற்றதை நாம் அறிவோம். பயின்ற வீரருக்கும் வானம் சலுகை காட்டுவதில்லை.

கல்திரொப்பின் வாழ்விலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் கொள்ளத்தக்க பாடம் வான்குடையோடு நின்றுவிடுவதன்று. காலி வீதியிலே தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞன், அதனை அணிவது அச்சத்தின் அடையாளம் என எண்ணுகின்றான். கடலுக்குச் செல்லும்போது மிதவை அங்கியை ஒதுக்குபவனும் அவ்வாறே எண்ணுகின்றான். ஒரு நூற்றாண்டுக்கு முன் அதிகாரிகள் எண்ணியதும் அதுவே. தப்பும் வழியைத் தன்னோடு கொண்டு செல்பவன் கோழையல்லன். நாளையும் தன் கடமைக்குத் திரும்பி வர எண்ணுபவன். இதனை உலகு ஏற்குமுன் எத்தனையோ தாய்மார் தம் மக்களை இழந்தனர். அவர்களுடைய இழப்பை மனத்திற்கொண்டு, நம் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றையாவது காலத்தோடு கற்பிப்போமாக.