துணிக்கடைக்காரர் வகுத்த கால்பந்துக் கணக்கு

பல ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். வில்லியம் மெக்ரிகரின் வாழ்க்கையை விளையாட்டு வரலாறாக மட்டும் என்னால் வாசிக்க இயலவில்லை.

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில், பிராக்கோ என்னும் சிற்றூரில் 1846-இல் பிறந்தவர் அவர். 1870-இல் பர்மிங்காமில் குடியேறித் துணிக்கடை நடத்தினார். ஆட்டக்காரராகப் பெயர் பெற்றவரல்லர்; மதுவைத் தொடாதவர். 1877-இல் ஆஸ்டன் வில்லா சங்கத்தில் இணைந்து, அதன் நிர்வாகத்தில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் அளிக்க இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1885-இல்தான் அனுமதித்தது. அப்போதும் ஆலையிலோ பட்டறையிலோ உழைத்துக்கொண்டே சனிக்கிழமை பிற்பகலில் ஆடியவர்கள் பலர். அவர்களுக்கான ஊதியம் தவறாமல் தந்தாக வேண்டிய செலவு; நுழைவுக் கட்டண வருவாயோ காற்றில் ஆடும் விளக்கு. கோப்பைப் போட்டியில் ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டும். ஒப்புக்கொண்ட நட்பு ஆட்டங்களும் கடைசி நேரத்தில் கைவிடப்படும். ரசிகர்களின் பொறுமை கரைவதைக் கடைக்காரரான மெக்ரிகர் நன்கு உணர்ந்திருந்தார்.

1888 மார்ச் 2 அன்று முன்னணிச் சங்கங்கள் சிலவற்றுக்கு அவர் கடிதம் எழுதினார். ஒவ்வொரு சங்கமும் மற்றொன்றுடன் சொந்தத் திடலிலும் எதிரணித் திடலிலும் தலா ஒருமுறை ஆட வேண்டும். அட்டவணை முன்கூட்டியே உறுதியாக வேண்டும் என்பதே அவருடைய திட்டம். ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரில் கால்பந்து லீக் உருவாயிற்று. ‘லீக்’ என்ற சொல் அயர்லாந்தின் நில உரிமைப் போராட்டத்தை நினைவூட்டியதால் அப்பெயரில் அவருக்கு விருப்பமில்லை. லங்காஷயரிலிருந்து ஆறு, நடு இங்கிலாந்திலிருந்து ஆறு எனப் பன்னிரண்டு சங்கங்கள் இணைந்தன. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. செப்டம்பர் 8 அன்று முதல் ஆட்டங்கள் நடந்தன. வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 என்னும் முறையோ பருவத்தின் நடுவே, நவம்பரில்தான் முடிவாயிற்று! 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பிரெஸ்டன் வாகை சூடியது.

பிற தொழில்களில் போட்டியாளர் ஒழிந்தால் முதலாளிக்கு ஆதாயம். இங்கோ எதிரணி நொடித்தால் நமக்கும் விற்பனைச் சரக்கு இல்லை. தம் சங்கத்தைக் காக்கப் பிற சங்கங்களையும் கைதூக்கிவிட வேண்டும் என்பதை, பொருளாதார அறிஞர்கள் கோட்பாடாக எழுதுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே மெக்ரிகர் நடைமுறைப்படுத்தினார். அதையே அவருடைய பெருஞ்சாதனையாக மதிக்கிறேன்.

1892-இல் இரண்டாம் பிரிவு தோன்றியது. மறு ஆண்டு வூல்விச் ஆர்சனல் வழியாகத் தெற்கும் உள்ளே வந்தது. 1911 டிசம்பரில் மெக்ரிகர் மறைந்தபோது லீக்கில் 40 சங்கங்கள் இருந்தன.

ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையில் ஒரு பகுதியை ஆட்டக்காரரே சுமந்தார். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்பும், தம் சங்கத்தின் இசைவின்றி அவர் லீக்கின் வேறொரு சங்கத்துக்கு மாற முடியாது. 1901 முதல் வாரத்துக்கு 4 பவுண்டு என்னும் ஊதிய உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. வருவாயின் நிச்சயமின்மையைப் போக்கப் பிறந்த அமைப்பு, தொழிலாளியின் பேரம் பேசும் உரிமையைப் பறித்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்தப் பிடியை இங்கிலாந்து நீதிமன்றம் தளர்த்தியது 1963-இல்தான்.