சுடுபவரைக் காத்த பூட்டு

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து துவக்குமுனையில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் வந்து சேர்ந்த கற்பிட்டியிலிருந்து இதை எழுதுகிறேன். துவக்கு என்ன செய்யும் என்று இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதைத் தானாகவே தொடர்ந்து சுட வைத்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஹிராம் மாக்சிம் 1840இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பிறந்தவர். 1880களில் லண்டனில் இயந்திரத் துவக்கை உருவாக்கியபோது அவர் முன் ஒரு சிக்கல் இருந்தது. சன்னம் குழலை விட்டுப் போகுமுன் பின்பக்கம் திறந்தால், வெடிவாயு சுடுபவர் மீதே பாயும். அதற்காக முழங்கால் போன்ற ஒரு மூட்டை வைத்தார். மூட்டு நேராக நிற்கும்வரை பின்பக்கம் பூட்டியே இருக்கும். சூட்டின் உதைப்பில் குழலும் பூட்டும் சேர்ந்து சற்றுப் பின்னே நகர்ந்த பிறகே மூட்டு மடங்கும். வெற்றுக் கோது கழன்று அடுத்த ரவை ஏறும். நிமிடத்துக்குச் சுமார் 600 சூடுகள்.

1901இல் அவருக்குச் ‘சேர்’ பட்டம் கிடைத்தது. வெடிச்சத்தம் அவரது செவிப்புலனைக் கெடுத்தது. மார்புச்சளிக்கு மருந்தாவி இழுக்கும் கருவியொன்றையும் அவர் செய்திருந்தார்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியரும் ஜேர்மனியரும் எதிரெதிரே நின்று சுட்டது அவரது வடிவமைப்பில் வந்த துவக்குகளால்தான். பிரான்சின் சோம் சமர் ஓய்ந்து ஆறாம் நாள், 1916 நவம்பர் 24இல், அவர் இறந்தார். அவர் செய்த பூட்டு சுடுபவரைக் காத்தது. குழலுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அப்படியொரு பூட்டை எவரும் செய்யவில்லை.