குர்துபா தந்த அறுவை மருத்துவ மேதை

விளையாடும் சிறுவன் தவறி விழுகின்றான். முன்கை எலும்பு முறிகின்றது. கட்டுகின்றவர் கலை அறியாதவராயின் அக்கை வாழ்நாள் முழுதும் கோணலாகிவிடக்கூடும். இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து சிந்தித்து வழிகாட்டிய பெருந்தகை அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி ஆவார்.

முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகர் குர்துபா. அதனருகே கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய எழில் நகரே மதீனத்துஸ் ஸஹ்ரா. கி.பி. 936ஆம் ஆண்டளவில் பிறந்த இவர், அந்நகரின் பெயராலேயே அஸ்ஸஹ்ராவி எனப்பட்டார். அன்சாரி என்னும் இவரது குலப்பெயர், முன்னோர் மதீனத்து அன்சாரிகளின் வழியினர் என்பதை உணர்த்துகின்றது.

அந்நாளில் அங்கு அறுவைக் கலை நலிவுற்றிருந்தது. உடற்கூறு அறியாத மருத்துவர் ஒருவர், பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியைக் கீறப்போய் இரத்தக் குழாய்களை அறுத்துவிட்டார். அவள் அவர் கையிலேயே உயிர் துறந்ததை அஸ்ஸஹ்ராவி கண்டார். அந்த வேதனை அவரை எழுதத் தூண்டியது. கி.பி. 1000ஆம் ஆண்டளவில், 30 பகுதிகள் கொண்ட ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ நிறைவுற்றது. அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கே உரியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றன.

அப்பகுதியின் மூன்றாம் பிரிவு எலும்பு முறிவைப் பேசுகின்றது. முதியோரின் எலும்பு உலர்ந்து இறுகியது. குழந்தைகளின் எலும்போ மென்மையானது, எளிதில் கூடும் என்றார். முன்கையின் ஈரெலும்புகளுள் மேலுள்ள சிறியது மட்டும் முறிந்தால் சீராக்கல் எளிது. கீழுள்ள பெரியது முறிந்தால் கடினம். இரண்டும் முறிந்தால் மிகக் கடினம் எனப் பகுத்துரைத்தார். மாவாலையில் படியும் நுண்மாவை முட்டையின் வெண்கருவில் குழைத்துப் பூசி, சிம்பு வைத்துக் கட்டச் சொன்னார். வீக்கமோ அரிப்போ கண்டால் உடனே கட்டைத் தளர்த்த வேண்டும் என்றார். கோணலாகக் கூடிய எலும்பை மீண்டும் உடைக்கும் மூடத்தனத்தைக் கண்டித்தார்.

மாணவர்களைத் தம் மக்களாகவே விளித்த அவர், பொருளாசையை எச்சரிக்கை வெல்லட்டும் என அறிவுறுத்தினார்.

உள்நாட்டுப் போரில் ஸஹ்ரா நகர் பாழாயிற்று. கி.பி. 1013ஆம் ஆண்டளவில் அவரும் மறைந்தார். நூலோ அழியவில்லை. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு அதன் அறுவை மருத்துவப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றது.

இன்று ஊடுகதிர்ப் படம் உண்டு; தேவையெனில் எலும்பினுள் மெல்லிய உலோகக் கம்பி செலுத்தும் அறுவையும் உண்டு. எனினும், குழந்தையின் கையைத் தொடுமுன் அறிவும் அச்சமும் வேண்டும் என்னும் அவரது பாடம் பழமையடையவில்லை.