மாதம் 11.5 பவுண்டு

வெளிநாட்டில் வணிகம், பொருளியல், மேலாண்மை படிக்க உதவித்தொகை தேடும் நம் மாணவர்கள், அந்த வழியில் நூறாண்டுக்கு முன்பே நடந்து போனவரின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1913 பிப்ரவரியில் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி இறந்தார். பரோடா சமஸ்தானத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன், பம்பாய்க்கே திரும்பிவிட்டார். வயது 21. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 25 ரூபாய் தந்து உதவிய பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்காவில் மேற்படிப்புக்கும் உதவ முன்வந்தார். மாதம் 11.5 பவுண்டு, மூன்று ஆண்டுகள். படிப்பு முடிந்ததும் பரோடாவில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் ஜூன் மாதம் கையெழுத்திட்டார். உதவித்தொகை என்றாலே பின்னால் நிபந்தனை உண்டு. கையெழுத்துப் போடும்போது அது பெரிதாகத் தெரியாது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்துக்குத் தேவையானதோடு அவர் நிற்கவில்லை. பொருளியலில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாறு, சமூகவியல், மானுடவியல் எல்லாம் அதற்கு மேல். சாப்பாட்டில் மிச்சம் பிடித்துப் பழைய புத்தகங்கள் வாங்கினார். பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வுக்கு 1915-இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் பதிந்தார்.

ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வருவதற்கு முன் ஒரு காரியம் செய்தார்: நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டார். இடம் போகாமல் காத்தது அந்த அனுமதிதான். அவருடைய சாமான்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது; புத்தகங்களும் போயின.

ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனார். கொலம்பியாவில் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அலுவலகத்தில் கோப்புகளைக் கையில் தராமல் வீசினார்கள். மன்னரின் பணம் அவரை அமெரிக்கா வரை அனுப்பியது. மன்னரின் ஊரிலேயே ஒரு கூரைக்கு அது உதவவில்லை.

1918-இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளம் 450 ரூபாய். நல்ல சம்பளம்தான், அங்கேயே இருந்திருக்கலாம். அவரோ பரேல் குடியிருப்பில் சிக்கனமாக வாழ்ந்து காசு சேர்த்தார். வீட்டுச் செலவைச் சுருக்கிச் சமாளித்தவர் ரமாபாய். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சேமிப்போடு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் தந்த உதவியும் நண்பர் நவல் பதேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடனும் சேர்ந்தன. 1920-இல், கெடு முடிவதற்குள், மீண்டும் லண்டன்.

1921-இல் எம்.எஸ்சி. 1922-இல் பாரிஸ்டர். 1923-இல், ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி.

1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடி 3 லட்சம் ரூபாய் பெற்றார். அந்தப் பணத்தில் நம் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கப் போனார்கள்.